புதன்கிழமைப் பூசையில் வாசித்த பெயர்

மதுரையிலிருந்து திண்டுக்கல் திரும்பும் பேருந்தில் ஜெயமேரி அந்தத் தாள்களை நான்காவது முறையாகப் படித்தாள். மொத்தம் பதினெட்டுப் பக்கம். எல்லாம் தமிழ்தான். அவளும் படிக்காதவள் இல்லை. பத்தாம் வகுப்பில் தமிழுக்கு எண்பத்தொன்று வாங்கியவள். ஆனாலும் ஏழாம் பக்கத்தின் மூன்றாம் வரிக்கு வந்ததும், மேட்டில் ஏற முடியாத வண்டிபோல மனசு நின்று முக்கியது.

‘இம்மருந்து, சிறுநீரகப் புற்றுச் செல்கள் செல் இறப்புக்குக் காட்டும் எதிர்ப்பை முறியடிக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது.’

எதிர்ப்பை முறியடித்தால் இறப்பு ஜெயிக்கும். இறப்பு ஜெயிப்பது எப்படி நல்லதாகும்? ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்தாள். ராயப்பராஜ் வெளியே ஓடும் மின்கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தார். முப்பது வருஷமாக ஈ.பி.யில் லைன்மேன். மருத்துவ விடுப்பில் இருந்தாலும் கண்ணுக்கு விடுப்புக் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய இடது சிறுநீரகத்தை எடுத்தார்கள். அதற்குள் நோய் நுரையீரலுக்குப் போய்விட்டிருந்தது. தினம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். பதினான்கு மாதம் மாத்திரை சொன்னதைக் கட்டிகள் கேட்டன. ஸ்கேனில் புள்ளிகள் சிறுத்துக்கொண்டே வந்தன. பிறகு என்ன நினைத்தனவோ, மறுபடி வளர ஆரம்பித்தன. இன்று திங்கட்கிழமை, மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷப்னம் திரையில் படத்தைக் காட்டிப் பொறுமையாகத்தான் சொன்னார்.

“நம்ம உடம்புல பழுதான செல்லு தானாச் செத்துரணும்மா. அதுதான் முறை. இதுக சாக மாட்டேங்குது. நம்ம மாத்திரை போய்ச் செத்துருன்னு சொல்லுது, அதுக கேக்க மாட்டேங்குது. இந்தப் புது கேப்சூலையும் கூடச் சேத்தாக் கேக்கும்னு நெனைக்கிறோம். இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. சேர்றதும் சேராததும் ஐயாவோட இஷ்டம். வெள்ளிக்கிழமை வரைக்கும் இடம் வச்சிருப்போம்.”

அப்போது ராயப்பராஜ் தலையாட்டினார். வாடிப்பட்டி தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

“டாக்டரம்மா பேசுறப்ப எனக்குக் காதுல டிரான்ஸ்பார்மர் சத்தம்தான் கேட்டுச்சு மேரி. நீ கேட்டேல்ல?”

“கேட்டேங்க.”

“அப்ப சரி. உனக்குப் புரிஞ்சு எனக்குச் சொன்னீன்னா கையெழுத்துப் போடுறேன். புரியலைன்னா வேணாம். வெளங்காத லைன்ல நான் இதுவரைக்கும் கை வச்சதில்ல.”

“புரிஞ்சிரும்” என்றாள் ஜெயமேரி. அது பொய் என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கலாம். அவர் மறுபடி கம்பங்களை எண்ணப் போய்விட்டார்.

நாகல் நகர் வீட்டுக்கு வந்ததும் ராயப்பராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மெயின் போர்டுக்குப் போய்ப் பார்த்தார். எங்கே போனாலும் முதலில் அதுதான். கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும், யாரும் கேட்காமலே ஃபியூஸ் கட்டையை உருவிக் கம்பியைப் பார்ப்பார். அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று ஜனங்கள் நாலைந்து இழையை முறுக்கித் தடிமனாகப் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டால் மனுஷனுக்குச் சாமி வந்துவிடும். “போகத் தெரிஞ்சாத்தான்யா அது ஃபியூஸு. இல்லைன்னா வெறும் கம்பி” என்று கத்துவார். சேவுகம்பட்டியில் மூக்கையா என்பவரின் மோட்டார் அறை அப்படித்தான் எரிந்தது. ஃபியூஸ் கடைசிவரை போகவே இல்லை, அறைதான் போனது. இருபத்தெட்டு வருஷமாக இந்தக் கதையை ஜெயமேரி கேட்டு வருகிறாள். நாத்தனார் மகள் நிச்சயதார்த்தத்தில் கரண்டை நிறுத்திவிட்டு இதையே சொன்னபோது அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சாயங்காலம் மகன் ஆல்வின் ஓசூரிலிருந்து கூப்பிட்டான். ஏழாம் பக்கத்தை அவனுக்குப் படித்துக் காட்டினாள்.

“இம்புட்டுதானாம்மா? ஈஸிம்மா. ஒரு செல்லு கெட்டுப்போச்சுன்னு வையி, அதுவே தற்கொலை பண்ணிக்கிரும். கேன்சர் செல்லு மட்டும் பண்ணிக்காது. இந்த மருந்து பண்ணிக்க வைக்கும்.”

“என்னது?”

“தற்கொலைம்மா. படிச்சவங்களே அப்படித்தான் சொல்றாங்க. நெட்ல போட்டிருக்கு.”

“ஏலே, அது பாவம்டா.”

“செல்லுக்கு ஏதும்மா பாவம்?” ஆல்வின் சிரித்தான். “நீ அப்பாவைக் கையெழுத்துப் போடச் சொல்லு. ஷிஃப்டுக்கு நேரமாச்சு, வைக்கிறேன்.”

ஃபோனை வைத்த பிறகுதான் உண்மையான குழப்பம் ஆரம்பித்தது. வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்க உட்கார்ந்தவள், கத்தியைப் பிடித்தபடி யோசனையில் போய்விட்டாள். யாருமே சாகாத ஒரு நாகல் நகர் அவள் கண்முன் வந்தது. ஒரு வீடும் காலியாவதில்லை. பிறந்தவர்கள் பிறந்துகொண்டே இருக்க, மொட்டை மாடிகளில் ஆட்கள் நிற்கிறார்கள். மாடி போதாமல் தண்ணீர்த் தொட்டிகளின் மேல் நிற்கிறார்கள். ஆட்டோக்கள் நகர முடியவில்லை. யாருக்கும் முகம் வாடவில்லை. எல்லாரும் நன்றாகச் சாப்பிடுகிறார்கள். ஊர்தான் மூச்சுத் திணறிக் கொஞ்சம் கொஞ்சமாக நீலம் பாரிக்கிறது. அந்த ஊருக்குள் யாரோ ஒருவர் ஒவ்வொரு வீடாகப் போய், தயவுசெய்து செத்துப்போங்கள் என்று காதில் சொல்கிறார். அவரவர் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

கையில் லேசாகக் கத்தி பட்டபோது விழித்துக்கொண்டாள். சாகாமல் இருப்பது அந்தச் செல்களின் தப்பா? எது உயிரோடிருக்க ஆசைப்படவில்லை? அதுவும் இவர் உடம்பில் பிறந்தவை. இவர் சாப்பிட்ட சோற்றில் வளர்ந்தவை. அவற்றைத் தற்கொலை செய்யச் சொல்லி ஒரு மருந்தை இவருக்குள் அனுப்பினால், அந்தப் பாவம் யார் கணக்கு? இத்தனையும் நினைத்துவிட்டு, தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா என்றும் நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவளுக்கு ஒரு வழி தோன்றியது. தோன்றியபோது அது அவ்வளவு சரியாக இருந்தது. தற்கொலைதான் பாவம். நன்மரணம் பாவமில்லை. நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர் சூசையப்பர். அவருக்கு உகந்த நாள் புதன்கிழமை. செல்கள் சாகத்தான் வேண்டுமென்றால், சூசையப்பர் கையைப் பிடித்துக்கொண்டு, அடம்பிடிக்காமல், நிம்மதியாகச் சாகட்டும். நாளைக் காலைப் பூசையில் சாமியார் வாசித்து வேண்டிக்கொள்ளும்படி ஒரு கருத்து எழுதிவைத்துவிட்டால் வெள்ளிக்கிழமை தைரியமாக இவரைக் கூட்டிப் போகலாம்.

பங்குக் கோயில் அலுவலகத்தில், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் கிளெமென்ட் பூசைக் கருத்து நோட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். அவள் எழுதி வந்த துண்டுத்தாளை வாங்கிப் படித்தார்.

‘என் கணவர் ராயப்பராஜ் உடம்பில் சாக மறுத்து இருக்கிற செல்கள் எல்லாம் சூசையப்பர் துணையால் எதிர்ப்புக் காட்டாமல் நன்மரணம் அடையவும், அது தற்கொலையாக எண்ணப்படாமல் இருக்கவும்.’

கிளெமென்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“மேரியக்கா, இதைச் சாமி வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள பூசையே முடிஞ்சிருமே.”

“கொஞ்சம் பெருசாத்தான் போச்சு.”

“இந்தா பாருங்க, நோட்டுல ஒரு கருத்துக்கு ஒரு கோடுதான். பேரு, கருத்து, எழுதிவைக்கிறவங்க. நானே சுருக்கிக்கிறேன். நீங்க போங்க.”

“அர்த்தம் மாறாம எழுதுங்க உபதேசியாரே.”

“இருவது வருசமா எழுதுறேன்க்கா.”

புதன்கிழமைக் காலை ஆறு மணிப் பூசையில் அவள் தூண் ஓரமாக முழங்காலிட்டிருந்தாள். சாமியார் நோட்டைப் பார்த்து வாசித்தார். சவேரியம்மாள் ஆன்ம இளைப்பாற்றிக்காக. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் தேர்வுக்காக. பிறகு, குரலைச் சற்றே தாழ்த்தி:

“நாகல் நகர் ராயப்பராஜின் நன்மரணத்துக்காக. எழுதிவைத்தவர், மனைவி ஜெயமேரி.”

கோயிலில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. யாரோ உச்சுக் கொட்டினார்கள். ஜெயமேரி எழுந்து, இல்லை, அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் பின்னே எப்படி? அதை ஒரு வரியில் சொல்ல முடிந்திருந்தால் நோட்டிலேயே சரியாக எழுதியிருக்கலாமே. அதற்குள் காணிக்கைப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. பாட்டு முழுவதும் அவள் வாய் திறந்தபடியே இருந்தது.

பூசை முடிந்ததும் உபதேசியாரைத் தேடி ஓடினாள். அவர் பாத்திரங்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். “சுருக்கமா எழுதினேன்க்கா” என்றார், அவள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய். அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிஷத்தில் நோயாளி வீடுகளுக்குப் போய்ச் செபம் சொல்லும் மரியாயின் சேனைப் பெண்கள் அவளை முந்திவிட்டார்கள்.

வீட்டு வாசலில் ஏழு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. உள்ளே, நாற்காலியில் கைலியும் பனியனுமாக ராயப்பராஜ். இன்னும் காப்பிகூடக் குடிக்கவில்லை. அவர் கையில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. சுற்றிலும் ஏழு பெண்கள் முழங்காலில். சேனைத் தலைவி வியாகுலம்மாள் புத்தகத்தைப் பிரித்து மரண அவஸ்தையில் இருப்பவர்களுக்கான செபத்தை எடுத்துவிட்டிருந்தார்.

“கண்ணை மூடிக்கங்க தம்பி.”

“ஏன்க்கா, எங்கயும் கரண்டு போயிருச்சா?”

“பயப்படாதீக. நாங்க இருக்கோம்.”

“பயம் இல்லக்கா. மெழுகு கையில ஊத்துது, அதான்.” அப்போதுதான் வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார். “மேரி, இவுகளுக்கு என்னன்னு கேளு. என்னைய மெழுகுவத்தி ஸ்டாண்டு ஆக்கிட்டாக.”

வியாகுலம்மாள் எழுந்து ஜெயமேரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “நீ பெரிய மனுசிடி. எந்தப் பொண்டாட்டிக்கு வரும் இந்தத் தைரியம்? புருசன் கஷ்டப்படாமப் போகணும்னு நீயே வாய்விட்டுக் கேட்டுட்டியே!”

ராயப்பராஜ் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்.

பெண்கள் போக இன்னும் செத்த நேரம் ஆனது. ஜெயமேரி எதையெதையோ சொல்லி அனுப்பிவைத்தாள். திரும்பி வந்தபோது அவர் அந்தப் பதினெட்டுப் பக்கத்தையும் அடுக்கி, பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடியிருந்தார்.

“இதை ஆல்வினுக்கு அனுப்பி, வேணாம்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லச் சொல்லிரு.”

“என்னங்க, நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“உனக்கே நம்பிக்கை இல்ல. அப்புறம் எனக்கு எதுக்குக் கேப்சூலு? சாவு கேட்டதுகூடப் பரவாயில்ல மேரி. என்கிட்டச் சொல்லாம ஊருக்குச் சொன்ன பாரு.” குரல் கோபமாகக்கூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“உங்களுக்குக் கேக்கலைங்க. உங்களுக்குள்ள இருக்குதுல்ல, அதுகளுக்கு. ஆல்வின் அதுக தற்கொலை பண்ணிக்கணும்னு சொன்னான். தற்கொலைன்னா பாவமாச்சேன்னு, நல்ல சாவாப் போகட்டும்னு சூசையப்பர்கிட்ட...” சொல்லச் சொல்ல அவளுக்கே அது முழுப் பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. “நெசமா எனக்குப் புரியலைங்க. பஸ்ஸுல பொய் சொன்னேன். நாலு தடவை படிச்சும் புரியல. சாகாததுதான் சாகடிக்குதாம். செத்தாத்தான் பொழைப்பீங்களாம். இதை எந்தப் பக்கமாப் பிடிக்கிறதுன்னே தெரியல.”

“சாகுறதுல என்னடி நல்லது?”

“நீங்கதானங்க ஊரெல்லாம் கத்துவீங்க!” அவள் அழுகையும் எரிச்சலுமாகச் சொன்னாள். “போகத் தெரிஞ்சாத்தான் ஃபியூஸு, இல்லைன்னா வெறும் கம்பின்னு. நிச்சயதார்த்தத்துல எல்லார் முன்னாடியும் மானத்தை வாங்குனீங்களே.”

ராயப்பராஜ் திரும்பி மெயின் போர்டைப் பார்த்தார். பிறகு பையின் ஜிப்பைத் திறந்து, “எந்தப் பக்கம்?” என்றார்.

“ஏழு.”

விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். “அப்ப இந்தச் செல்லுக்குள்ளயும் ஒரு ஃபியூஸ் இருக்கு. பழுதானா அது போகணும். இவனுக நாலு இழையை முறுக்கிப் போட்டு வச்சிருக்கானுக. என்ன லோடு குடுத்தாலும் போகாது. வீடுதான் எரியும்.” நிமிர்ந்தார். “புது கேப்சூல் அந்த இழையை உருவுதா?”

“எனக்கு எப்படிங்க தெரியும்?”

“உருவுதுன்னு வையி. நல்ல வீட்டுலயும் உருவிருச்சுன்னா? அங்க ஒரு இழைதான இருக்கும்? அதையும் எடுத்துட்டா வீடே இருட்டாயிருமே.”

அவளுக்குக் கொஞ்சம் முன்பு புரிந்ததுபோல் இருந்ததும் மறுபடி நழுவிப் போனது. ஆனால் அவர் முகத்தில், கம்பத்தில் ஏறுவதற்கு முன் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பாரே, அந்தப் பார்வை வந்திருந்தது.

“வெள்ளிக்கிழமை போவோம். கேட்டுட்டுத்தான் கையெழுத்து. காப்பி போடு.”

வெள்ளிக்கிழமை மதுரையில் அவர்களை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். முக்காலியில் கேமரா ஒன்று நின்றது. நோயாளி விளங்கித்தான் சம்மதிக்கிறார் என்பதைப் பதிவுசெய்ய வேண்டுமாம். டாக்டர் ஷப்னம் எதிரில் உட்கார்ந்து, “ஐயா, இந்த மருந்து என்ன செய்யும்னு உங்களுக்குப் புரிஞ்ச மாதிரி சொல்லுங்க” என்றார்.

ராயப்பராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, சேவுகம்பட்டி மூக்கையாவின் மோட்டார் அறையிலிருந்து ஆரம்பித்தார். ஜெயமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் குறுக்கிடாமல் கடைசிவரை கேட்டார்.

“கிட்டத்தட்ட சரிதான் ஐயா. ஆனா ஒரு செல்லுல ஒரு ஃபியூஸ் இல்ல. பத்து இருபது இருக்கு. இந்தக் கேப்சூல் அதுல ஒண்ணைத்தான் தொடும்.”

“மத்ததுல முறுக்கியிருந்தா?”

“கேக்காது.”

“நல்ல செல்லுலயும் இழையை உருவுமா?”

“கொஞ்சம் உருவும். ரத்தம் உறையுறதுக்கு வேணுங்கிற அணு கொறையலாம். அதுக்குத்தான் வாரா வாரம் ரத்தம் பாப்போம். ரொம்பக் கொறைஞ்சா நிறுத்திருவோம்.”

“எத்தனை பேருக்குக் கேட்டுருக்கு?”

டாக்டர் கேமராவைப் பார்க்கவில்லை; அவரைப் பார்த்தார். “எங்களுக்கு இன்னும் தெரியாது ஐயா. அது தெரியணும்னுதான் இதைச் செய்யுறோம்.”

ராயப்பராஜ் பேனாவை வாங்கினார். “தெரியாதுன்னு சொன்னீங்கல்ல, அது போதும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த பக்கத்தில், அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இழப்பீடு வாங்க வேண்டியவர் பெயருக்காக, ‘நாமினி’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஜெயமேரியின் பெயரை அவரே எழுதினார். தன் பெயரை அந்தக் கட்டத்துக்குள் பார்த்ததும், நிறுத்தம் மாறி இறங்கிவிட்டவள்போல இருந்தது அவளுக்கு. எதற்குச் சம்மதித்திருக்கிறோம்? வாழ்வதற்கா? மருத்துவமனையின் வாசல்வரை நடந்தும் விடை வரவில்லை.

திண்டுக்கல்லில் இறங்கியதும் ஆட்டோவைக் கோயிலுக்கு விடச் சொன்னார். அலுவலகத்தில் கிளெமென்ட் அவரைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று சுற்ற, நோட்டின் பக்கங்கள் படபடத்தன.

“அண்ணே, மன்னிச்சிருங்கண்ணே. சாமிகூட என்னைத் திட்டிட்டாரு. ஒரு கோடுதான் இருக்குதுன்னு...”

“அட, இருக்கட்டும்யா. அடுத்த புதனுக்கு ஒரு கருத்து எழுதணும்.”

கிளெமென்ட்டுக்கு உயிர் வந்தது. “நன்றிக் கருத்தாண்ணே?”

“இல்ல. போன புதன் வாசிச்சதேதான். பேரை மட்டும் எடுத்துருங்க.”

“பேரு இல்லாம எப்படிண்ணே? யாரோட நன்மரணத்துக்குன்னு சாமி வாசிக்கிறது?”

ராயப்பராஜ் மனைவியைப் பார்த்தார். அவள் உபதேசியாரைப் பார்த்தாள். மூன்று நாளாக அவள் தேடிக்கொண்டிருந்த ஒரு வரி இப்போதும் கிடைக்கவில்லை.

“அவங்க நெறயப் பேரு உபதேசியாரே” என்றாள் கடைசியில். “எண்ண முடியாது. பேரும் வைக்கல. யாருக்கோன்னு எழுதிக்கங்க. சூசையப்பருக்குத் தெரியும்.”

கிளெமென்ட் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு யோசித்தார். காற்றில் பக்கம் நில்லாமல் புரண்டது. அதற்குள் ராயப்பராஜ் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த பழைய மெயின் போர்டின் மூடியைத் திறந்திருந்தார்.

“என்னங்க, இங்கயுமா?”

அவர் ஃபியூஸ் கட்டையை உருவினார். விசிறி மெதுவாகித் தயங்கித் தயங்கி நின்றது. நோட்டின் பக்கம் படிந்து அடங்கியது. கிளெமென்ட் அந்தச் சந்தர்ப்பத்தில் சட்டென்று குனிந்து, ஒரு கோட்டுக்குள் எதையோ எழுதினார்.

“நாலு இழை” என்றார் ராயப்பராஜ், கட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி. நகத்தால் ஒவ்வொரு இழையாகப் பிரிக்க ஆரம்பித்தார். “ஒண்ணு போதும்.”

ஜெயமேரி அண்ணாந்து, நின்றுபோன விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.